‘யெஸ்ட்ரீன்’ என்னும் ஸ்காட்டுச் சொல்லுக்கு ‘நேற்றந்தி’: ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நேற்றைய மாலையை அல்லது இரவைக் குறிக்கும் ஸ்காட்டு மொழிப் பழஞ்சொல்லான ‘யெஸ்ட்ரீன்’ என்பதற்குத் தமிழ் ஈடாக, நம் உரையாடலில் ‘நேற்றிரவு’, ‘நெருநல் மாலை’ (நெருநல் என்பது நேற்று) ஆகிய இரண்டும் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் எனக்கு நிறைவில்லை. ‘நேற்றந்தி’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

‘யெஸ்டர்’, ‘ஈவன்’ என்னும் இரு கூறுகள் பேச்சில் தேய்ந்து ஒன்றானதே இச்சொல். முற்கூறு, நேற்றைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லான ‘கெஸ்டர்ன்’ என்பதற்கு உறவு; பிற்கூறு மாலையைக் குறிப்பது. ‘ஹாலோவீன்’ என்பதன் ஈற்றில் நிற்பதும் இதே ‘ஈன்’தான்.

அகராதிகள் நேற்று மாலை, நேற்றிரவு என இரு பொருளையும் தருகின்றன. ஆனால் 1765-இல் தாமஸ் பெர்சி அச்சிட்ட ‘சர் பாட்ரிக் ஸ்பென்ஸ்’ என்னும் கதைப்பாடலில், ‘யெஸ்ட்ரீன்’ பொழுதில் புதுநிலவு பழைய நிலவைக் கையில் ஏந்தியிருக்கக் கண்டதாகவும், அதனால் புயல் வருமென அஞ்சுவதாகவும் மாலுமி ஒருவன் கூறுகிறான். பூமியில் பட்டுத் திரும்பும் கதிரொளியால் பிறையின் இருண்ட பகுதி மங்கலாகத் தெரிவதையே அவன் சொல்கிறான். இக்காட்சிக்குரிய மெல்லிய வளர்பிறை, கதிரவன் மறைந்தபின் மேற்கு வானில் சிறிது நேரமே நின்று தானும் மறைந்துவிடும் என்பதை மூன்றாம் பிறை பார்த்துப் பழகிய நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே அங்கே ‘நேற்றிரவு’ என்று பெயர்த்தால், வானில் பிறையே இல்லாத பொழுதையும் அச்சொல் உள்ளடக்கிவிடுகிறது.

‘மாலை’ இலக்கண நோக்கில் பொருந்துவதே. சிறுபொழுது ஆறனுள் மாலை என்பது கதிர் மறைந்தது முதல் பத்து நாழிகை. எனினும் இன்று நாம் நான்கு மணியையே மாலை என்கிறோம். வெயில் இன்னும் தணியாத அவ்வேளையில் இப்பிறையைக் காண இயலாது. ‘அந்தி’ இவ்விரு இடரையும் தவிர்க்கிறது. அது காலையந்தியையும் குறிக்குமே என்று கேட்கலாம். அடையின்றி வரும்போது வழக்கில் மாலையந்தியே பொருளாகிறது.

‘நெருநல்’ குறள் 336-இல் பயிலும் அழகிய சொல். பழமைக்குப் பழமை பொருந்தும் என்னும் வாதமும் எனக்குப் புரிகிறது. ஆனால் ‘யெஸ்ட்ரீன்’ புலவர்கள் தேடியெடுத்த அருஞ்சொல் அன்று; 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்டுக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் தம் மக்களின் மொழியில் பாடியபோது இயல்பாகக் கையாண்ட சொல். அதற்கு உரை தேவைப்படும் சொல்லை ஈடாக்குவது முறையாகாது. மேலும், நேற்று என்பதன் குற்றியலுகரம் கெட்டு ‘நேற்றந்தி’ எனப் புணரும்போது, மூலத்தைப் போலவே ஒரே மூச்சில் ஒலிக்கும் சொல் நமக்கும் கிடைக்கிறது.

இச்சொல்லுக்கான பதிவில் ‘நேற்றந்தி: முந்தைய நாள் கதிர் மறைவை அடுத்த பொழுது’ என விளக்கம் சேர்த்து, சூழல் வேண்டும் இடங்களுக்கு ‘நேற்றிரவு’ என்பதை இரண்டாம் பொருளாகத் தரலாம்.