தரைத்தள வீட்டுக்கு நாஸ்: எந்தப் பெட்டி, எத்தனை டிஸ்க், பேக்கப் எங்கே?

உப்புக்காற்று:
வணக்கம். வீடு புதுச்சேரி ரெயின்போ நகரில், தரைத்தளம். நாலு பேர். மூன்று ஆண்ட்ராய்டு போன், ஒரு ஐபோன், இரண்டு விண்டோஸ் லேப்டாப். போட்டோ, வீடியோ, ஸ்கேன் செய்த பத்திரம், சான்றிதழ் எல்லாம் சேர்த்து 1.6 டிபி. இப்போது இரண்டு பழைய யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் பிரிந்து கிடக்கிறது. சில ஃபோல்டர் இரண்டிலும் இருக்கிறது, சிலது ஒன்றில் மட்டும். கூகுளின் இலவச 15 ஜிபி நிரம்பிவிட்டது.

இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் பகிரும் சேமிப்புப் பெட்டி) வாங்கலாம் என்று இருக்கிறேன். பழைய டெஸ்க்டாப்பையே நாஸாக மாற்றினால் போதாதா? இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா இருக்கும்படி மிரர் போட்டுவிட்டால் தனியாக பேக்கப் வேண்டுமா? வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அதற்கு மேல் யூபிஎஸ் எதற்கு?

ஊசுட்டேரி:
இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். காசு எங்கே போக வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

மிரர், அதாவது ரெய்டு 1, பேக்கப் கிடையாது. ஒரு டிஸ்க் செத்தால் மற்றது வேலை நிற்காமல் ஓட்டும், அவ்வளவுதான். தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அதே நொடியில் இரண்டிலும் அழியும். லேப்டாப்பில் புகுந்த ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) நாஸ் ஃபோல்டரைப் பூட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். திருட்டு, தண்ணீர், கெட்டுப்போன அடாப்டர், எது வந்தாலும் பெட்டிக்குள் இருக்கும் இரண்டுக்கும் ஒரே கதி. அதனால் முதலில் பேக்கப்புக்கு இரண்டு யூஎஸ்பி டிஸ்க்குக்குப் பணத்தை ஒதுக்குங்கள், ஒன்று வீட்டில், மற்றது வெளியே வேறு ஒருவர் வீட்டில். மிச்சத்தில் பெட்டி. பட்ஜெட் இடித்தால் நாஸில் ஒரே டிஸ்க் போட்டு, பெட்டிக்கு வெளியே இரண்டு பேக்கப் டிஸ்க் வைத்துக்கொள்வது, மிரர் மட்டும் போட்டு பேக்கப்பே இல்லாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

பழைய டெஸ்க்டாப்பில் ஓபன் மீடியா வால்ட் என்ற இலவச நாஸ் மென்பொருள் நன்றாகவே ஓடும். ஆனால் 24 மணி நேரமும் 55 வாட் இழுத்தால் மாதம் 40 யூனிட். இரண்டு டிஸ்க் நாஸ் 17 வாட் சுமாருக்கு 12 யூனிட்டில் முடியும். ராஸ்பெர்ரி பை என்ற சின்ன போர்டு கம்ப்யூட்டரில் யூஎஸ்பி டிஸ்க் மாட்டும் யோசனை இருந்தால் ஒன்று கவனியுங்கள். பை 4-இல் எல்லா யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் சுழல ஆரம்பித்தால் மின்சாரம் பற்றாமல் ஒன்று கழன்றுகொள்ளும். தனி அடாப்டர் உள்ள ஹப் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ரெடிமேட் பெட்டி என்றால் சைனாலஜி டிஎஸ்223 உங்கள் தேவைக்குப் போதும். விலை குறைவு என்று டிஎஸ்223ஜே-க்குப் போகாதீர்கள். அதில் பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் கிடையாது, ஆகவே ஃபோல்டரின் அந்தந்த நேர நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டும் கிடையாது. நேற்று அழித்த ஃபோல்டரை இரண்டு நிமிடத்தில் திரும்ப எடுப்பது ஸ்னாப்ஷாட்டால்தான் முடிகிறது. வீட்டில் நாலு பேர் புழங்கும் இடத்தில் அதிகம் கைகொடுப்பது அந்த ஒரு வசதிதான்.

டிஸ்க் வாங்கும்போது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகையா என்று பார்த்து வாங்குங்கள். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஓட்டுக்கூரையில் ஓடுகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தி எழுத, அடுத்தடுத்து இருப்பதையும் எடுத்து எழுத வேண்டும். சும்மா காப்பி செய்யும்போது தெரியாது. மிரரில் ஒரு டிஸ்க்கை மாற்றி மறுபடி கட்டும்போது வேகம் அடிமட்டத்துக்குப் போகும், சில சமயம் டிஸ்க்கே கழன்றுவிட்டதாக நாஸ் முடிவுகட்டிவிடும். சீகேட் அயர்ன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் ப்ளஸ் இரண்டும் சிஎம்ஆர். வெறும் ‘ரெட்’ என்று வருவதில் 2 முதல் 6 டிபி வரை எஸ்எம்ஆர், பெயரில் ‘ப்ளஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். பேக்கப்புக்கான சின்ன யூஎஸ்பி டிஸ்க் எஸ்எம்ஆராக இருந்தால் பரவாயில்லை.

4 டிபி இரண்டு எடுங்கள். மிரரில் 3.6 என்று காட்டும். அது குறை இல்லை, கணக்கிடும் முறை வேறு. டேட்டா ஏற்றுமுன் டிஸ்க் தன்னையே முழுதாகச் சோதிக்கும் ஸ்மார்ட் எக்ஸ்டெண்டட் டெஸ்ட் ஓட விடுங்கள், 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம். ராத்திரி போட்டால் காலையில் முடிந்திருக்கும்.

கெடிலக்கரை:
இன்வெர்ட்டர் கேள்விக்கு நான் சொல்கிறேன் சார், நம் கடற்கரையில் டிஸ்க் போவதற்குக் கரண்டும் தண்ணீரும் பெரிய காரணங்கள்.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், நார்மல் அல்லது ஈகோ ஒரு பக்கம், யூபிஎஸ் இன்னொரு பக்கம். நார்மலில் இருந்தால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரத்தில் ஃபேனுக்கு ஒன்றும் ஆகாது, நாஸ் அணைந்து எழும். அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் அரைகுறையாக நிற்கும். யூபிஎஸ் பக்கம் தள்ளினால் இது பெரும்பாலும் சரியாகும். ஆனால் புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இன்வெர்ட்டர் பேட்டரி தீரும்போது, அதை நாஸுக்குச் சொல்ல யாரும் இல்லை. திடீரென்று அணையும். 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் வந்தபோது கடலூர்ப் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை.

அதனால் நாஸுக்கும் ரவுட்டருக்கும் மட்டும் ஒரு 600 விஏ லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ் வையுங்கள். இரண்டும் சேர்ந்து 35 வாட் தாண்டாது. வாங்கும்போது பின்னால் யூஎஸ்பி டேட்டா போர்ட் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், போன் சார்ஜ் ஆகும் யூஎஸ்பி இதற்கு ஆகாது. விலை குறைந்த மாடல் பலவற்றில் டேட்டா போர்ட் இருக்காது. அந்த கேபிளை நாஸில் மாட்டி, கரண்ட் போன ஐந்தாவது நிமிடம் பாதுகாப்பு நிலைக்குப் போகும்படி செட் செய்யுங்கள். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை என்றால் யூபிஎஸ் அந்தக் கரண்டை ஏற்காமல் தன் பேட்டரியிலேயே ஓடித் தீரும், ப்யூர் சைன் வேவ்தான் ஒத்துப்போகும்.

தண்ணீருக்கு வருகிறேன். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 45 செ.மீ-க்கு மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நாஸ் மேஜைக்குக் கீழே, டிவி ஸ்டாண்டின் அடித்தட்டில், எங்கேயும் வேண்டாம். ஐந்தடி உயரத்தில் சுவர் ஷெல்ஃப், பின்னால் நாலு விரல் இடைவெளி, கடல் பக்க ஜன்னலுக்கு எதிரே இல்லாத சுவர். யூபிஎஸ்ஸும் அதே உயரத்தில். புயல் எச்சரிக்கை வந்தால் முறையாக ஷட்டவுன் செய்து பிளக்கையும் லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள், மின்னல் லேன் வழியாகவும் வரும்.

நனைந்துவிட்ட டிஸ்க்கை ஒரு முறைகூட ஆன் செய்யக்கூடாது. வெயிலில் வைப்பது, ஹேர் ட்ரையர் காட்டுவது எதுவும் வேண்டாம். உள்ளே காயும் சேறுதான் தட்டைக் கீறும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடி, மீட்பு வேலை செய்பவர்களிடம் அப்படியே கொடுங்கள்.

உப்புக்காற்று:
மிக்க நன்றி. ஸ்விட்ச் நார்மலில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். வெளியே வைக்கும் டிஸ்க்கைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டில் வைக்கலாமா? அப்புறம், அந்த இரண்டு பழைய டிஸ்க்கை எப்படி ஒன்றாக்குவது?

சுண்ணாம்பாறு:
பழைய டிஸ்க் வேலையை அவசரப்படாமல் செய்யுங்கள் நண்பரே. இந்தக் கட்டத்தில்தான் பலரும் போட்டோவைத் தொலைக்கிறார்கள்.

முதலில் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் இரண்டையும் பாருங்கள். அங்கே 05, சி5, சி6 மூன்று வரிகள். 05 மாற்றி ஒதுக்கிய செக்டர் (டேட்டா எழுதும் சின்னத் துண்டு), சி5 படிக்கத் திணறும் செக்டர், சி6 படிக்கவே முடியாதது. சி5 பூஜ்யமாக இல்லாவிட்டால் அந்த டிஸ்க்கில் ஒழுங்குபடுத்துவது, டூப்ளிகேட் தேடுவது எதையும் செய்யாதீர்கள். பத்திரம், சான்றிதழ், குழந்தை போட்டோ என்ற வரிசையில் உடனே வெளியே எடுங்கள். சி7 (டேட்டா கடத்தும்போது வரும் பிழை) மட்டும் ஏறியிருந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள்.

இரண்டையும் நாஸில் பழசு1, பழசு2 என்று தனித்தனி ஃபோல்டரில் அப்படியே கொட்டுங்கள். காப்பி செய்யும்போதே ஒன்றோடு ஒன்று கலக்காதீர்கள். ஒரே பெயரில் வேறு வேறு படம் கட்டாயம் இருக்கும், கேமராக்கள் எண்ணை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். விண்டோஸில் இருக்கும் ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளை நல்லது. ஆனால் மறுமுயற்சியை 1 என்று குறைத்துவிடுங்கள். சும்மா விட்டால் படிக்க முடியாத ஒரு ஃபைலுக்குப் பத்து லட்சம் தடவை, தடவைக்கு 30 நொடி காத்திருக்கும். சாகப்போகும் டிஸ்க்கை அதுவே கொன்றுவிடும்.

கிகாபிட் லேனில் நொடிக்கு 110 எம்பி, 1.6 டிபிக்கு நாலு மணி நேரம். 11 எம்பியிலேயே நின்றால் எங்கோ 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது. ரவுட்டரில் சில போர்ட் மட்டும் கிகாபிட்டாக இருக்கும், அல்லது கேபிளில் எட்டுக்குப் பதில் நாலு கம்பிதான் இணைந்திருக்கும்.

ஐபோனில் ‘ஸ்டோரேஜை ஆப்டிமைஸ் செய்’ ஆனில் இருந்தால் போனில் இருப்பது சின்னப் படம்தான், ஒரிஜினல் ஐகிளவுடில். அதை மாற்றி எல்லாம் இறங்கிய பிறகே நாஸுக்கு அனுப்புங்கள். கூகுளில் இருப்பதை டேக்அவுட் என்ற அதன் டவுன்லோட் வசதி வழியாக எடுக்கலாம், ஜிப் அளவை 50 ஜிபி என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் 2 ஜிபி துண்டுகளாக வரும். இறக்கும் லிங்க் ஏழு நாளில் காலாவதி.

ஊசுட்டேரி:
அக்கா வீடு பற்றி. ‘தானே’ புயல் கரையேறியதே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். ஃபெஞ்சலில் புதுச்சேரி மூழ்கிய இரண்டு மூன்று நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரைப் பிடித்தது. ஒரே புயல் இரண்டு ஊரையும் தொடும். அக்கா மாடியில் இருந்தால் தாராளமாக வையுங்கள். தரைத்தளம் என்றால் நெய்வேலி, திருச்சி என்று உள்ளே தள்ளி யாராவது இருக்கிறார்களா பாருங்கள்.

இரண்டு பேக்கப் டிஸ்க்கையும் ஒரே மாதிரி செய்ய வேண்டாம். வெளியே போவதில் சைனாலஜியின் பேக்கப் மென்பொருளான ஹைப்பர் பேக்கப்பின் பல வெர்ஷன் முறை, என்க்ரிப்ஷனோடு (பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடி). வீட்டில் இருப்பது விண்டோஸ் படிக்கும் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் சாதாரண ஃபைல்களாக ஒற்றை வெர்ஷன், நாஸ் பெட்டியே போனாலும் லேப்டாப்பில் செருகித் திறக்கலாம். பேக்கப் முடிந்ததும் எஜெக்ட் செய்து கழற்றிவிடுங்கள். மாட்டியே இருந்தால் ரான்சம்வேரும் மின்னலும் அதையும் தொடும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், பீரோவின் மேல்தட்டு. ஆரஞ்சு ஜெல் பச்சையானால் மாற்றுங்கள்.

முழு 1.6 டிபியையும் கிளவுடில் ஏற்ற 100 எம்பிபிஎஸ்ஸில் ஒன்றரை நாள் விடாமல் ஓட வேண்டும், மாத டேட்டா வரம்பில் பாதி அதிலேயே போகலாம். பத்திரமும் சான்றிதழும் சில ஜிபிதான், அதை மட்டும் ஏற்றுங்கள்.

நாஸை இணையத்துக்கு நேரடியாகக் காட்டும் போர்ட் ஃபார்வர்டிங்கை ரவுட்டரில் திறக்காதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் ரான்சம்வேர் இணையத்துக்கு நேரடியாகத் திறந்திருந்த க்யூநாப் கம்பெனி நாஸ் பெட்டிகளைத்தான் பூட்டியது. வெளியிலிருந்து பார்க்க வேண்டுமானால் உங்கள் சாதனங்களை மட்டும் தனியாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டுக்கொள்ளுங்கள்.

கெடிலக்கரை:
ஒன்று விட்டுப்போயிற்று. வெளியே வைக்கும் டிஸ்க்கின் என்க்ரிப்ஷன் பாஸ்வேர்டை மறந்து, அமைக்கும்போது இறங்கும் சாவி ஃபைலும் இல்லாவிட்டால் அந்த டிஸ்க்கை யாராலும் திறக்க முடியாது, தயாரித்த கம்பெனியாலும் முடியாது. பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, அந்த டிஸ்க் இருக்கும் வீட்டில் வைக்காமல் உங்கள் வீட்டில் ஒன்று, பேங்க் லாக்கரில் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிஸ்க்கை வரவழைத்துப் புதுப்பிக்கும்போது, நாஸைத் தொடாமல் லேப்டாப்பில் ஹைப்பர் பேக்கப் எக்ஸ்ப்ளோரர் போட்டு ஒரு வீடியோ, ஒரு பத்திர பிடிஎஃப் எடுத்துத் திறந்து பாருங்கள். வீடியோவைக் கடைசி நொடி வரை ஓட்டுங்கள். பாதியில் அறுந்த ஃபைலும் முதல் காட்சியை ஒழுங்காகக் காட்டும்.