சமையலறைக் குழாய்க்கு இழுக்கும் ஸ்ப்ரேயர்: மொட்டை மாடி டேங்க் தண்ணீருக்கு இது சரிப்படுமா?

அச்சுப்பட்டறை
எல்லோருக்கும் வணக்கம். அம்பத்தூரில் பிளாஸ்டிக் அச்சு செய்யும் பட்டறையில் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். நான்கு மாதமாக ஒரே பொருளோடு மல்லுக்கட்டுகிறேன்: சிங்க் குழாயிலிருந்து இழுத்து, கையில் பிடித்துப் பாத்திரம் அலசும் சின்ன ஸ்ப்ரேயர்.

காரணம் என் அம்மா. அவருக்கு மணிக்கட்டு வலி. கடையில் வாங்கி மாட்டியதன் தலை பித்தளை வார்ப்பு, மேலே குரோம். இட்லிப் பானைக்குள் அதைத் திருப்பிப் பிடித்தால் அரை நிமிடத்தில் கை தளர்ந்துவிடுகிறது. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் பித்தளை ஏறக்குறைய எட்டு மடங்கு கனம். அதனால் என் மாதிரியை ஏபிஎஸ்ஸில் செய்திருக்கிறேன். நீளம் 120 மிமீ, பிடியின் குறுக்களவு 32 மிமீ, எடை 95 கிராம். பிடியின் மேல்பக்கம், கட்டைவிரல் படும் இடத்தில் ஒரே பட்டன். ஒரு அழுத்தலுக்குத் தாரை, அடுத்த அழுத்தலுக்கு ஷவர். எண்ணெய்க் கை வழுக்காமல் இருக்கப் பிடியின் அடிப்பக்கம் சிலிகான் பட்டை.

குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

மடிப்பாக்கம் பிளம்பர்
தம்பி, அம்மாவுக்காகச் செய்கிறீர்கள், நல்ல விஷயம். ஆனால் இருபத்திரண்டு வருடமாகக் குழாய் மாட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது நம் ஊருக்கு வேண்டாம்.

எங்கள் பக்கம் போர் தண்ணீர். வாளியில் ஒரு வாரம் விட்டால் விளிம்பில் வெள்ளை வட்டம் கட்டும். சாதாரணக் குழாயின் வாய் வலையே இரண்டு மாதத்தில் அடைத்துக்கொள்கிறது. அதைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டு, பல் குச்சியால் குத்தி மாட்டிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஷவரில் ஐம்பது அறுபது துளை இருக்கும். பட்டனுக்குள் ஸ்பிரிங், ஓரிங் என்கிற ரப்பர் வளையம். உப்பு உள்ளே போய் உட்கார்ந்தால் பட்டன் பாதி வழியில் நின்றுவிடும். வீட்டுக்காரர்கள் திட்டுவது மாட்டியவனைத்தான்.

இன்னொன்று. இழுக்கும் குழாய்கள் எல்லாம் மேடையில் துளை போட்டு நிறுத்துகிறவை, ஹோஸ் அடியில் தொங்கும். இங்கே பாதி வீட்டில் குழாய் சுவரிலிருந்துதான் வருகிறது. போட்டு முடித்த கிரானைட்டில் 35 மிமீ துளை போடச் சொன்னால் யார் சம்மதிப்பார்கள்?

மாம்பலம் அடுக்களை
பிளம்பர் அண்ணா சொல்வதில் உண்மை இருக்கிறது. இருந்தாலும் தினமும் சிங்க் முன்னால் நிற்கிறவள் பேச வேண்டும் அல்லவா.

வீட்டிலிருந்தே முப்பது பேருக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறேன். கிரைண்டர் கல்லைக் கழுவுவதைச் சொல்கிறேன், கேளுங்கள். பாத்திரம் சிங்க்கில் நுழையாது. மேடையில் வைத்தே குவளை குவளையாக ஊற்றி, நடுத்தண்டின் அடியில் ஒட்டிய மாவைக் கையால் வழிக்க வேண்டும். ஒரு முறைக்கு ஏழெட்டுக் குவளை. மாவு காய்ந்துவிட்டால் அதுவும் போதாது. தாரையை அந்தத் தண்டின் அடியில் நேராகக் காட்ட முடிந்தால் அதில் பாதித் தண்ணீரில் வேலை முடியும். இட்லித் தட்டின் குழிகளும் அப்படித்தான், பின்பக்கம் துளை ஓரத்தில் பிடித்திருப்பது ஊற்றுகிற தண்ணீருக்கு அசையாது.

தம்பிக்கு ஒரே கேள்வி. பட்டனை ஏன் மேலே வைத்தீர்கள்? தலையைக் கவிழ்த்துப் பிடிக்கும்போது கட்டைவிரல் மேலே இருக்காது, பக்கவாட்டுக்கு வந்துவிடும். ஒரு கரண்டியைப் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

அச்சுப்பட்டறை
அக்கா, கரண்டியைப் பிடித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி. பட்டனை முகப்பின் பின்புறத்துக்குக் கொண்டுபோய்க் கொஞ்சம் அகலமாக்குகிறேன், எந்தக் கை என்றாலும் எட்டும்.

அண்ணா, உப்பு பற்றி: துளைகள் கெட்டிப் பிளாஸ்டிக்கில் இல்லை, ஒவ்வொன்றும் வெளியே நீட்டிய மெல்லிய சிலிகான் மூக்கு. உப்பு பூத்தால் விரலால் ஒரு தடவை தேய்த்தால் உதிரும். எண்ணிக்கையும் அறுபது இல்லை, இருபத்து நான்கு.

நாலாவது மாடி
இந்த உரையாடலில் அழுத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிய பிரச்சினை.

எங்கள் வீடு கடைசி மாடி. டேங்க் தண்ணீருக்கும் சிங்க் குழாய்க்கும் இடையே மூன்று மீட்டர்தான். பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் ஒரு ‘பார்’ (அழுத்த அளவு) என்றால் எனக்குக் கிடைப்பது 0.3 பார். போன வருடம் வெளிநாட்டு மாதிரி இழுக்கும் குழாய் ஒன்று வாங்கினோம். பழைய குழாயில் ஒரு லிட்டர் ஜக் ஏழு விநாடியில் நிறையும். புதியதில் இருபது விநாடி. ஷவரில் வைத்தால் தண்ணீர் பாய்வதில்லை, சொட்டுச் சொட்டாக விழுகிறது. கடைசியில் கழற்றிப் பழையதையே மாட்டிவிட்டோம். அழகாக இருக்கிறது என்று வாங்கி நாங்கள் பட்டது போதும், இன்னொருவர் படக் கூடாது.

அச்சுப்பட்டறை
இதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் சமையலறைக் குழாய்க்குச் சட்ட வரம்பு 60 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 2.2 காலன், அதாவது 8.3 லிட்டர். 60 பிஎஸ்ஐ என்பது 42 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். உங்கள் வீட்டில் மூன்று மீட்டர். பதினான்கு மடங்கு அழுத்தத்துக்காக உள்ளே வைத்த கட்டுப்படுத்தும் வில்லையோடு இங்கே மாட்டினால் தண்ணீர் எப்படி வரும்? அதை நான் வைக்கவில்லை. துளைகளைக் குறைத்ததற்கும் இந்தக் குறைந்த அழுத்தமே காரணம்: துளை குறைவாக இருந்தால் ஒவ்வொன்றிலும் தண்ணீர் சொட்டாமல் பாயும்.

மடிப்பாக்கம் பிளம்பர்
வில்லை மட்டும் இல்லை தம்பி, ஹோஸைப் பாருங்கள். வெளியே தடிமனாகத் தெரியும், அறுத்துப் பார்த்தால் உள்ளே 6 மிமீதான் இருக்கும். கழற்றிப் போட்டதை நான் அறுத்தே பார்த்திருக்கிறேன்.

அச்சுப்பட்டறை
ரொம்பச் சரி. அதே அளவு தண்ணீர் ஓட, ஹோஸின் உள் குறுக்களவை ஒன்றரை மடங்கு ஆக்கினால், 6 மிமீயிலிருந்து 9 மிமீக்குப் போனால், உராய்வில் போகும் அழுத்தம் ஏறக்குறைய ஏழு மடங்கு குறையும். நான் 9 மிமீ போடாததற்குக் காரணம் எடை. ஒரு மீட்டர் ஹோஸில் 6 மிமீ என்றால் 28 கிராம் தண்ணீர், 9 மிமீ என்றால் 64 கிராம். ஹோஸும் விறைப்பாகிவிடும். கைக்கு அடக்கமாக வேண்டும் என்று தொடங்கிய வேலை, அங்கேதான் சிக்கி நிற்கிறது.

மாம்பலம் அடுக்களை
ஹோஸ் எதற்கு ஒரு மீட்டர்? சிங்க்கையும் பக்கத்து மேடையையும் எட்டினால் போதாதா? நான் நூல் பிடித்து அளந்தேன், கிரைண்டர் வரைக்கும் 65 சென்டிமீட்டர்.

புழல் ஏரிக்காரர்
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றோம். ஸ்ப்ரேயரைக் கையில் எடுத்தவர் நிறுத்தாமல் ஓட விடுவார் என்பது என் பயம். சொம்பில் மொண்டு ஊற்றினால் எவ்வளவு செலவாகிறது என்று கைக்குத் தெரியும். அல்லது தலையிலேயே நிறுத்தும் பட்டன் வையுங்கள், விரலை எடுத்தால் தண்ணீர் நிற்கட்டும்.

மடிப்பாக்கம் பிளம்பர்
ஐயா, அதை மட்டும் கேட்காதீர்கள். பாத்ரூம் ஹெல்த் ஃபாசெட் அப்படித்தான் வேலை செய்கிறது. விரலை எடுத்தால் தலை அடைபடும், மேலே வால்வு திறந்தே கிடக்கும், ராத்திரி முழுக்க ஹோஸ் அழுத்தத்தில் நிற்கும். ஹோஸ் வெடித்து வீட்டில் தண்ணீர் தேங்கி, கதவுச் சட்டம் ஊறிப்போன வீடுகளுக்குப் போயிருக்கிறேன். சமையலறையில் நிறுத்துவது குழாய்க் கைப்பிடி மட்டும்தான் என்று இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் தம்பி செய்திருப்பது சரி.

புழல் ஏரிக்காரர்
புரிகிறது. ஆனாலும் என் பயம் போகவில்லை. கைப்பிடி எட்டாத இடத்தில் இருந்தால் யார் மூடப் போகிறார்கள்?

நாலாவது மாடி
இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஸ்ப்ரேயர் தலை எச்சில் பாத்திரத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது, குழாய் திறந்திருக்கிறது, டேங்க் காலி. அந்த நேரம் கீழ் வீட்டில் குழாயைத் திறந்தால் எங்கள் சிங்க் தண்ணீரை அது உறிஞ்சிக் கீழே இறக்கிவிடும். எங்கள் கட்டடத்தில் நான்கு வீட்டுக்கும் ஒரே இறங்கு குழாய்.

அச்சுப்பட்டறை
உண்மை. வழக்கமாக இதற்கு ஒருவழி வால்வு வைப்பார்கள். ஆனால் அதன் ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்கவே கொஞ்சம் அழுத்தம் செலவாகும், 0.3 பாரில் அதுகூடப் பெரிய இழப்பு. அக்கா சொன்ன 65 சென்டிமீட்டர் இங்கே கைகொடுக்கிறது என்று நினைக்கிறேன். சுவர்க் குழாயின் மூக்கிலிருந்து தொங்கும் குட்டை ஹோஸ். கையை விட்டால் ஸ்பிரிங் அதை இழுத்து மேலே நிறுத்திவிடும், தலை சிங்க் விளிம்புக்குக் கீழே இறங்காது. கிரானைட்டில் துளையும் வேண்டாம், குழாயின் வாயில் திருகினால் போதும். நீளம் குறைவதால் 9 மிமீ போட்டாலும் உள்ளே இருக்கும் தண்ணீர் 41 கிராம்தான்.

மடிப்பாக்கம் பிளம்பர்
ஸ்பிரிங்கை நம்பி மேலே நிற்கும் என்கிறீர்கள். நம் உப்புத் தண்ணீரில் ஸ்பிரிங் ஆறு மாதம் தாங்குமா? தளர்ந்த அன்றைக்குத் தலை தண்ணீருக்குள்தான் கிடக்கும். ஒருவழி வால்வை எடுக்காதீர்கள். ரப்பர் நாக்கு வைத்த வால்வு இருக்கிறது, ஸ்பிரிங் இல்லாதது, லேசான அழுத்தத்துக்கே திறக்கும். அதைத் தேடுங்கள். வேண்டாம் என்று நான் சொன்னதை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

மாம்பலம் அடுக்களை
ஸ்பிரிங் வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். அது பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தால், மணிக்கட்டு வலிக்காரர் எடைக்குப் பதில் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அம்மாவிடம் கொடுத்துப் பார்த்தீர்களா?

அச்சுப்பட்டறை
இன்று காலை கொடுத்தேன். இரண்டு தட்டு அலசியதும் ஸ்பிரிங்கைக் கழற்றச் சொல்லிவிட்டார். சுவரில் ஒரு கொக்கி போதுமாம், தானே மாட்டிக்கொள்வாராம். ரப்பர் நாக்கு வால்வு பாரிமுனையில் கிடைக்குமா என்று சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன். அண்ணா, 9 மிமீ ஹோஸோடு ஒரு மாதிரி உங்களுக்கு அனுப்பட்டுமா? இருப்பதிலேயே மோசமான போர் தண்ணீர் வரும் வீட்டில் மாட்டுங்கள்.

மடிப்பாக்கம் பிளம்பர்
அனுப்புங்கள். எங்கள் வீட்டிலேயே மாட்டுகிறேன், அதைவிட மோசமான தண்ணீர் எங்கே கிடைக்கும்? மூன்று மாதம் கழித்துப் பட்டனை அறுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.