பஃபலோ ஸ்டாம்பீட்: கோப்பை வென்ற அணி ஏன் நிலைக்கவில்லை?

சக்கரக்கால்:
1994 கோடையில் களமிறங்கி, அந்த ஆண்டே இறுதிச் சுற்றில் போர்ட்லண்ட் ரேஜ் அணியை வென்று லீக்கின் பட்டமான மர்பி கோப்பையைக் கைப்பற்றிய பஃபலோ ஸ்டாம்பீட் (அமெரிக்காவின் பஃபலோ நகரைச் சேர்ந்த, சக்கரக் காலணியோடு ஆடும் ரோலர் ஹாக்கி அணி), 1995 பருவத்தோடு கலைந்துபோனது. இதற்கு முதற்பொறுப்பு அது ஆடிய ரோலர் ஹாக்கி இன்டர்நேஷனல் லீக்கையே சாரும் என்பது என் உறுதியான கருத்து. 1993இல் 12 அணிகளோடு தொடங்கிய லீக், மறு ஆண்டே 24 அணிகளாகப் பெருகியது. வேரூன்றாத விளையாட்டுக்கு ஒரே ஆண்டில் இத்தனை நகரங்களில் ரசிகர்களைத் திரட்ட எவராலும் இயலாது.

வடகரை:
நண்பரே, ஸ்டாம்பீட் அணியே அந்த விரிவாக்கத்தில் பிறந்ததுதானே? லீக் 12 அணிகளோடு நின்றிருந்தால் பஃபலோவுக்கு அந்தக் கோப்பையே கிடைத்திராது. என் பார்வையில் காரணம் ஆட்டம் நடந்த கோடைப் பருவம்தான். நீண்ட பனிக்காலத்தைக் கடந்துவரும் ஊரில், ஜூலை மாத மாலையில் கூரைக்கு அடியில் அமர்ந்து ஹாக்கி பார்க்க மக்களை அழைப்பது எளிதன்று. மேலும், அங்கே கோடை ஏற்கெனவே பேஸ்பாலுக்கு உரியதாக இருந்தது. 1988இல் புதிய மைதானத்துக்குக் குடிபுகுந்த பைசன்ஸ் அணி, 1993 வரை ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்களை ஈர்த்தது. ஸ்டாம்பீட் ஆடிய மெமோரியல் ஆடிட்டோரியமோ கோடைக்கு ஏற்றதன்று. 1975 மே மாதம் பனி ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டியின்போது, குளிர்சாதன வசதி இல்லாத அந்த அரங்கில் பனித்தளத்தின்மேல் மூடுபனி எழுந்து ஆட்டம் பலமுறை தடைபட்டதை எண்ணிப் பாருங்கள்.

ஆடுகளம்:
மூடுபனி பனித்தளத்தால் எழுந்தது. ரோலர் ஹாக்கிக்குப் பனித்தளமே இல்லை. 1975இன் நிகழ்வைக் கொண்டு 1994ஐ அளப்பது முறையாகாது. அதைவிட முக்கியமாக, பேண்டிட்ஸ் லக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்தை எறிந்து ஆடும் ஆட்டம்) அணி 1992இல் அதே அரங்கில் தொடங்கி, முதல் பருவத்திலேயே பட்டம் வென்று, இன்றுவரை நிலைத்திருக்கிறது. எனவே பஃபலோ மக்கள் புதிய விளையாட்டை ஏற்க மாட்டார்கள் என்று சொல்வதற்கில்லை.

வடகரை:
பேண்டிட்ஸ் ஆடுவது குளிர்காலத்தில். அந்த எடுத்துக்காட்டு என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது.

சக்கரக்கால்:
பருவம் ஒரு தடை என்பதை ஏற்கிறேன். ஆனால் லீக்கை நிறுவியவர்களின் பழைய வழிமுறையையும் பார்க்க வேண்டும். அவர்களுள் முதன்மையானவரான டென்னிஸ் மர்பி, அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தையும் உலக ஹாக்கிச் சங்கத்தையும் தோற்றுவித்தவர்களில் ஒருவர். முன்னதன் நான்கு அணிகள் 1976இல் பெரிய கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வுக்குள்ளும், பின்னதன் நான்கு அணிகள் 1979இல் பெரிய பனி ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.லுக்குள்ளும் சேர்ந்தன. விரைவாகப் பெருகி, பெரிய லீக்குக்குப் போட்டியாக நின்று, சில அணிகளையேனும் அதனுள் சேர்த்துவிடுவதில் அங்கே பயன் இருந்தது. ரோலர் ஹாக்கிக்கோ இணைவதற்குப் பெரிய லீக் எதுவும் இல்லை. ஆகவே ஒவ்வோர் அணியும் தன் ஊரின் நுழைவுச்சீட்டு வருவாயை நம்பியே வாழ வேண்டியிருந்தது. அதற்குப் பல ஆண்டுப் பொறுமை தேவை. பனி ஹாக்கியில் ஆடுகளத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் நீலக் கோடுகள் இல்லாமல், கோல்காப்பாளரைத் தவிர நால்வர் மட்டும் ஆடும் அந்த வேகமான ஆட்டம் அத்தகைய பொறுமைக்குத் தகுதியானது என்றே இன்றும் நம்புகிறேன்.

வடகரை:
அப்படியானால் அனஹைம் புல்ஃப்ராக்ஸ் அணியை எவ்வாறு விளக்குவீர்கள்? அதே லீக்கில், அதே விரிவாக்கத்தின் நடுவே, 1993இலும் 1997இலும் பட்டம் வென்று, லீக்கின் கடைசிப் பருவமான 1999 வரை அந்த அணி நீடித்தது. ஆண்டு முழுவதும் சிறுவர்கள் வீதியில் ஸ்கேட் கட்டி ஓடக்கூடிய தென் கலிபோர்னியாவில் அந்த ஆட்டத்துக்கு மண் இருந்தது.

சக்கரக்கால்:
நல்ல கேள்வி. ஆனால் புல்ஃப்ராக்ஸ், 12 அணிகளோடு தொடங்கிய முதல் பருவத்திலேயே இருந்த அணி. நெரிசல் வருமுன் ரசிகர்களைத் தேடிக்கொள்ள அதற்கு ஓர் ஆண்டு கிடைத்தது. ஸ்டாம்பீடுக்கு அது கிடைக்கவில்லை.