புளியமரத்தில் தொங்குபவை எந்த வௌவால்?

கேள்வி: எங்கள் கொல்லைப் புளியமரத்தில் முப்பது நாற்பது வௌவால்கள் தொங்குகின்றன. செம்பட்டைக் கழுத்து, நாய் மூஞ்சி. நேற்று ஒன்றின் மார்பில் குட்டி ஒட்டியிருந்தது. அப்படியானால் இது பறவை இல்லையா? இருட்டில் எப்படிப் பறக்கிறது?

பதில்: பாலூட்டிதான். சிறகடித்துப் பறக்கும் பாலூட்டி வௌவால் மட்டுமே. நீண்ட விரல்களுக்கு நடுவே விரிந்த தோல்தான் இறக்கை. உங்களுடையது பழந்தின்னி வௌவால்; இறக்கையை விரித்தால் 4 அடி வரும். கண்ணும் மூக்கும்தான் அதற்கு வழிகாட்டி. எதிரொலி கேட்டுப் பறப்பவை பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள்.

இன்னொரு பதில்: எங்கள் மேகமலையில் 1948-ல் பிடித்த ஒரு வௌவால், தனி இனம் என்று 1972-ல்தான் தெரிந்தது. பறவை ஆய்வாளர் சலீம் அலி பெயரைச் சூட்டினார்கள்.

கேட்டவர்: நன்றி அண்ணா. ஆண்டுக்கு ஒரே குட்டிதானாமே! மரத்தை வெட்டச் சொன்ன சித்தப்பாவிடம் இன்றே பேசுகிறேன். வௌவால்கள் மிரளாமல் இருக்க, தீபாவளிக்கு வெடியும் வேண்டாம்.