தானாகக் குமிழிவிடும் சேறு: கண்டவர்கள் எழுதுங்கள்

ஒட்டுசுட்டானிலிருந்து

ஆவணி, புரட்டாதியில் முத்தையன்கட்டுக் குளம் வற்றும்போது அலைகரையில் நடந்து வளர்ந்தவள் நான். மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். காலை வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். புதைந்த எருமையை நாலு பேர் கயிறு போட்டு இழுத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஆகவே சேறு எனக்குப் புதிதில்லை. ஆனால் மாடும் இறங்காமல், மழையும் பெய்யாமல், தானாகவே குமிழிவிட்டுத் துப்பி, தன் மேல் தானே ஏறி மேடாகிற சேற்றை (சேற்று எரிமலை என்பார்கள்) 2019 மாசியில்தான் முதன்முதல் கண்டேன்.

அண்ணை குடும்பம் லொஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறது. 2018 மார்கழி வெள்ளம் வடிந்த பிறகு, மிஞ்சிய வயலைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு மாதம் அங்கே போனேன். "உனக்குக் கட்டடம் காட்டி என்ன செய்யிறது, சேறு காட்டுறன் வா" என்று அண்ணை ஒரு விடியற்காலை காரில் ஏற்றினார். தென்கிழக்கே மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். போகப் போக மரம் குறைந்து, புல் குறைந்து, வெறும் கல்லும் மணலும். பிறகு திடீரென்று கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை வயல். அவ்வளவும் கொலராடோ ஆற்றிலிருந்து வாய்க்காலில் இழுத்த தண்ணீரில் விளைகிறது.

அந்தத் தண்ணீருக்கு ஒரு கதை இருக்கிறது. 1905இல் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஆறே திரும்பி இந்தப் பள்ளத்துக்குள் பாய்ந்தது. அடைத்து முடிக்க 1907 ஆகிவிட்டது. அப்படித் தேங்கிய தண்ணீர்தான் சோல்ட்டன் கடல். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 70 மீற்றர் கீழே கிடக்கிறது. அந்த மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் குளத்து வான்கதவுகளைத் திறந்த இரவு எங்களுக்கெல்லாம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். இங்கே ஓர் ஆறு முழுவதும் இரண்டு வருடம் பாய்ந்திருக்கிறது. கரையில் நின்றபோது அதுதான் மனதில் ஓடியது.

சேறு இருக்கிற இடம் அந்தக் கடலின் தென்கிழக்குப் பக்கம், நைலன்ட் என்ற சிற்றூருக்கு அருகில். கிரவல் ரோட்டுச் சந்தி ஒன்று. நான் போன நேரம் ரிக்கற்றும் இல்லை, காவலும் இல்லை. சற்றுத் தள்ளி, நிலத்துச் சூட்டில் மின்சாரம் எடுக்கிற ஆலை நீராவி விட்டுக்கொண்டிருந்தது. முதலில் தூரத்தில் பார்த்தபோது, "இது எங்கட கறையான் புற்றெல்லோ!" என்று சொல்லிவிட்டேன். காட்டோரத்தில் நிற்கிற புற்று மாதிரியே ஆள் உயரத்திலும் அதற்கு மேலும் கூம்பு கூம்பாக நின்றன. கறையான் வாயால் மண்ணை ஒட்டி ஒட்டி எழுப்புகிறதல்லவா, இங்கே சேறே துளி துளியாகத் துப்பித் தன்னைக் கட்டிக்கொள்கிறது.

ஒரு சின்னக் கூம்பின் வாயை நன்றாகப் பார்க்க முடிந்தது. உள்ளே கறுத்த சாம்பல் நிறச் சேறு, பென்சில் கரி மாதிரி மினுங்கியது. மெதுவாக ஒரு குமிழி எழும்பித் தேங்காய் அளவுக்கு ஊதியது. தோல் மெலிந்து, வானம் அதில் தெரிந்தது. அப்புறம் 'ப்ளப்' என்று உடைந்து நாலைந்து துளி விளிம்பில் விழுந்தது. அதில் ஒன்று மட்டும் மெழுகுதிரி வடிவதுபோல் பக்கவாட்டில் வழிந்து பாதி வழியில் நின்றுவிட்டது. பழைய வழிசல்கள் வெளுத்துக் காய்ந்திருந்தன. அடியில் உப்புப் பூத்திருந்தது. அந்தச் சத்தத்தைப் போனில் பதிந்து வந்து வீட்டில் போட்டேன். குசினிக்குள் இருந்த அம்மா, "அடுப்பைக் குறை பிள்ளை, கூழ் அடிப்பிடிக்கப்போகுது" என்றார். ஒடியற்கூழ் இறுகி வருகிற நேரத்துச் சத்தமேதான்.

அண்ணையின் மகள் புவியியல் தொடர்பாகப் படிக்கிறாள். "மாமி, இது கொதிக்கேல்லை. சோடாப் போத்தல் மாதிரி" என்று சொன்னாள். மேலே வருகிற வாயுவில் பெரும்பங்கு காபனீரொட்சைட்டு. அவ்விடத்தில் நிலத்தட்டுகள் (பூமியின் மேலோட்டுப் பெருந்துண்டுகள்) ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. சான் அன்ட்ரியாஸ் நிலப்பிளவின் தென்முனையும் பக்கத்தில்தான். அதனால் கீழேயுள்ள சூடு மேலே நெருங்கி வந்திருக்கிறது. இலட்சக்கணக்கான வருடங்களாகக் கொலராடோ ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. அது ஆழத்தில் வேகும்போது வாயு கழன்று மேலே ஏறுகிறது. சுண்ணாம்புச் சூளையில் சிப்பி வேகும்போது நடப்பதும் இதுதானே! இந்த வாயுவைக் கிணறு தோண்டி எடுத்து உலர்பனி (வாயுவையே உறையவைத்த கட்டி) செய்து விற்ற காலமும் அங்கே இருந்திருக்கிறது.

ஆனால் கொதிக்கவில்லை என்பதற்காகக் கையை வைத்துவிடக் கூடாது. கூம்புகளுக்குள் 60 பாகை செல்சியசுக்கு மேலும் அளந்திருக்கிறார்கள். பக்கத்துச் சேற்றுக் குட்டை சும்மா பச்சைத்தண்ணீர்ச் சூட்டில் இருக்கும். இரண்டும் ஒரே மாதிரித்தான் குமிழிவிடும். கண்ணால் பார்த்து வித்தியாசம் பிடிக்க முடியாது.

இதை எழுதத் தூண்டியது இனி வருவதுதான். அண்ணையின் சின்ன மகன் ஒரு கூம்பில் ஏற ஓடினான். "நில்லடா!" என்று நான் போட்ட சத்தத்தில் அண்ணையே பயந்துவிட்டார். நாங்கள் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய காலத்தில் வளவுக்குப் பின்னால் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நின்றது. மிதிவெடி எடுத்து முடியும்வரை நடந்த தடத்திலேயே நடந்தோம், ஆட்டுக்குட்டி எட்டப் போனாலும் பின்னால் போகவில்லை. மேல்மண் ஒன்றும் சொல்லாது என்பது எங்களுக்குக் காலில் ஊறிப்போயிருக்கிறது. அங்கேயும் அப்படித்தான். கூம்பைச் சுற்றிக் காய்ந்து கிடக்கிற மண் வெறும் ஆடை, அடியில் களிக்குழம்பு. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏற்கனவே ஆட்கள் நடந்து இறுகிய தடத்தால் கூட்டிவந்தேன். அவன் அழுதான். பரவாயில்லை.

மாங்குளத்திலிருந்து

அக்கா எழுதியதை வாசித்ததும் என் பழைய படங்களைத் தேடி எடுத்தேன். நான் கண்டது அஸர்பைஜானில். டுபாயில் வேலை செய்கிறபோது 2018இல் பெருநாள் லீவுக்கு நாங்கள் நாலு பெடியள் அதன் தலைநகர் பாக்குவுக்குப் போனோம். அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றரில் கோபுஸ்தான். பழைய பாறைச் சித்திரங்கள் இருக்கிற இடம், 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அவை நல்லாய்த்தான் இருந்தன, ஆனால் எங்களுக்கு அவசரம் சேற்றுக்கு.

அப்போது பிரதான வீதியிலிருந்து உள்ளே சாதாரணக் கார் போகாது. பழைய லாடா டாக்சிக்காரர் ஒருவர் எங்களை ஏற்றிக்கொண்டு, ரோடே இல்லாத மண்மேட்டில் பறந்தார். மேலே போனால் ஒரு புல் இல்லை. சாம்பல் நிறத் திட்டி, அதில் பத்துப் பன்னிரண்டு வாய்கள். நான் சூடாக இருக்கும் என்று நினைத்துப் பயந்து பயந்து விரலை வைத்தேன். குளிர்! மாரிகாலத்துக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி. மேலே எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் நெளிந்தது. டாக்சிக்காரர் லைட்டரை ஒரு குமிழிக்குக் கிட்டப் பிடித்தார். 'புஸ்' என்று நீலமாக ஒரு கணம் எரிந்து அணைந்தது. அக்காவின் சேற்றில் காபனீரொட்சைட்டு என்றால் இங்கே மெதேன். எண்ணெய் வயல்களை உண்டாக்குகிற அதே ஆழத்துப் படிவுகளிலிருந்து, அமுக்கம் தாங்காமல் வாயுவும் தண்ணீரும் களியைக் கரைத்துக்கொண்டு மேலே வருகின்றன. அந்த நாட்டில் இப்படி 350க்கு மேல் இருக்கின்றன.

அந்தக் குட்டிச் சுடரைப் பார்த்து நாங்கள் கைதட்டினோம். இப்போது நினைக்க நெஞ்சு படபடக்கிறது. மூன்று வருடம் கழித்து, 2021 ஜூலை 4ஆம் திகதி, கஸ்பியன் கடலில் ஒரு தீவில் இருந்த சேற்று எரிமலை வெடித்துப் பெரிய தீப்பிழம்பு எழும்பியது. செய்தியில் அந்தப் படத்தை அறையில் எல்லாரும் கூடிநின்று பார்த்தோம். ஒருவரும் கதைக்கவில்லை. அங்கே போகிறவர்கள் லைட்டர் விளையாட்டுக்குச் சம்மதிக்காதீர்கள், தயவுசெய்து.

வவுனியாவிலிருந்து

நான் வெளிநாடு போனதில்லை. திருகோணமலைப் பக்கத்துக் கன்னியா வெந்நீரூற்றுத்தான் தெரியும். அம்மம்மா மோசம் போன வருடம் ஆடி அமாவாசைக்குப் போனோம். இராவணன் தாயின் கிரியைக்காக உண்டாக்கிய ஏழு கிணறு என்று அப்பா சொல்லிக்கொண்டே வாளியால் அள்ளி ஊற்றினார். ஒவ்வொரு கிணற்றுக்கும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். தண்ணீர் தெளிவு, அடி தெரியும். சேறு இல்லை. அங்கே கீழே எரிமலை ஏதும் இருக்கிறதா என்று அப்போதிருந்து எனக்குக் கேள்வி.

ஒட்டுசுட்டானிலிருந்து

தங்கச்சி, அதையே நானும் மருமகளிடம் (அண்ணையின் மகளிடம்) கேட்டேன். எரிமலை இல்லை. எங்கள் தீவு பழைய, இறுகிய பாறையில் இருக்கிறது, தட்டுகளின் விளிம்புக்கு வெகு தூரம். மழைத்தண்ணீர் பாறை வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கி, அந்த ஆழத்துச் சூட்டை வாங்கிக்கொண்டு இன்னொரு வெடிப்பால் ஏறிவருகிறது. சேறு கொதிக்க வேண்டுமென்றால் தண்ணீர் குறைவாகவும், கீழிருந்து வருகிற ஆவியில் கந்தக வாயு கலந்தும் இருக்கவேண்டும். அது அமிலமாகிப் பாறையையே தின்று களியாக்கிவிடும். அதுதான் உண்மையான கொதிசேற்றுக் குழி. கன்னியாவில் தண்ணீர் தாராளம், அமிலமும் இல்லை. அதனால்தான் தெளிவு.

முதலில் எழுத விட்டுப்போன ஒன்று. சோல்ட்டன் கடலிலிருந்து திரும்பும் வழியில் ரயில்பாதையோரம் ஒரு சேற்று ஊற்றைக் காட்டினார்கள். 1953இலிருந்தே தெரிந்த ஊற்று. சும்மா கிடந்தது, 2016 அளவில் நகரத் தொடங்கிவிட்டது. முதலில் சில மாதத்தில் 60 அடி, பிறகு ஒரே நாளில் இன்னொரு 60 அடி என்று மருமகள் சொன்னாள். அது பாதையை நோக்கி வருவதைத் தடுக்கப் பாறையும் இரும்புத் தகடும் இறக்கிச் சுவர் கட்டினார்கள். ஊற்று சுவருக்கு அடியால் புகுந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. நாங்கள் நின்றபோது பெரிய பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன, கூமுட்டை நாற்றம். ஒரு நீளச் சரக்கு வண்டி வந்து, அந்த இடத்தில் மாட்டுவண்டி வேகத்துக்குக் குறைத்து, பெட்டி பெட்டியாக ஊர்ந்து கடந்தது. சின்னவன் அழுகையை மறந்து 80 வரை எண்ணினான்.

சோல்ட்டன் கடல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: மார்கழிக்கும் மாசிக்கும் இடையில் போங்கள், கோடையில் 45 பாகையைத் தாண்டும். தண்ணீர் கொண்டு போங்கள், கிட்டக் கடை இல்லை. பள்ளத்துக்குள் குனிந்து நிற்காதீர்கள், காபனீரொட்சைட்டு காற்றைவிடப் பாரம், தாழ்ந்த இடத்தில் தங்கும். குளத்துக்குள் இறங்கும்போது எடுப்போமே, அப்படி ஒரு நீளத்தடி கையில் இருக்கட்டும். முதலில் தடி, பிறகு கால்.