பூவால பூனைக்கு ஆனது, உங்க அனுபவம் சொல்லுங்க

சிண்டு அம்மா:
கல்யாண நாளுக்கு வந்த பொக்கேல லில்லி இருந்துச்சு, டேபிள்ல வச்சேன். சாயங்காலம் சிண்டு மடில வந்து படுத்தப்போ பாக்குறேன், மூக்கு, மீசை எல்லாம் காவிப் பொடி. ஈரத்துணியால தொடச்சு விட்டேன், துணில கறை. ராத்திரி மூணு வாந்தி, முடி உருண்டைனு நெனச்சு தூங்கிட்டேன். மறுநாள் மதியம் டாக்டர்ட்ட போனா ரத்தத்துல கிரியாட்டினின் ஏறிப்போச்சு, கிட்னி கெட்டுப்போச்சுனு அர்த்தமாம். மூணு நாள் ட்ரிப்ஸ், மூத்திரமே வரல. நாலாம் நாள் போயிட்டான். அந்தத் துணிய இன்னும் துவைக்கல.

மாடித்தோட்டம்:
எங்க வீட்ல அரளி. பூஜைக்குப் பறிச்சு தாம்பாளத்துல வச்சத குட்டி இலையோட மென்னுருச்சு. நெஞ்சுல கை வச்சா துடிப்பு விட்டு விட்டு வருது, அந்த இடைவெளில எனக்கு உசுரே இல்ல. உடனே தூக்கிட்டு ஓடினதால பொழச்சுது.

கருப்பன் வீடு:
லில்லினு பொதுவா சொல்லி பயமுறுத்தாதீங்க. எங்க ஹால்ல பீஸ் லில்லி ரெண்டு வருஷமா இருக்கு, கருப்பன் ஒருதடவ கடிச்சு எச்சில் வடிச்சான், அவ்ளோதான்.

மூணு பூனைக்காரி:
ப்ரோ பீஸ் லில்லிக்கு பேர்ல மட்டும்தான் லில்லி, அது வாய் எரியும், கிட்னிக்கு போகாது. அக்கா சொல்றது பொக்கேல வர்ற ஸ்டார்கேசர், ஈஸ்டர், ஏசியாட்டிக் வகை, டே லில்லியும் அதே கதைதான். நாய் தின்னா வயித்தோட போயிடும், பூனைக்குதான் கிட்னிய அடிக்கும், ஜாடித் தண்ணிய குடிச்சாலே போதும். எங்க பெருசு அந்தத் தண்ணியதான் நக்குச்சு, வாந்திக்கு காத்திருக்காம அரைமணில கொண்டு போனோம், ரெண்டு நாள் ட்ரிப்ஸ், தப்பிச்சுது. யாரும் உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, பால் ஊத்தாதீங்க, பூவ போட்டோ எடுத்துட்டு நேரா கெளம்புங்க. வேலில செங்காந்தள் இருந்தா கிழங்கோட எடுத்துருங்க, அதுல கோல்சிசின்ங்கிற விஷம் இருக்கு. ரோஜா, மல்லி பயமில்ல.

மாடித்தோட்டம்:
சிண்டு அம்மா, எவ்ளோ தின்னான்மா?

சிண்டு அம்மா:
திங்கவே இல்லங்க. திரும்பி வந்து ஒவ்வொரு பூவா எண்ணிப் பாத்தேன். எல்லாத்துலயும் ஆறு இதழும் அப்படியே இருந்துச்சு. மேல ஒட்டுன பொடிய நக்கிருக்கான், நான் தொடைக்கிறதுக்கு முன்னாடியே.