வயிற்று சி.டி.யில் டோஸைக் குறைத்தால் படம் கெடுமா?

தக்கலை_தம்பி:
என் தம்பிக்கு வயது 26. கல்லடைப்புக்காக நாலு மாதத்தில் மூன்று தடவை வயிற்று சி.டி. எடுத்துவிட்டார்கள். கடைசியாக எடுத்த இடத்தில் கதிர்வீச்சு டோஸ் தாளையும் கேட்டு வாங்கினேன். டி.எல்.பி., அதாவது ஸ்கேன் முழுக்க மெஷின் கொடுத்த கதிர்வீச்சின் கணக்கு, 900 என்று இருந்தது. வயிற்றுக்கு அதை 0.015-ஆல் பெருக்க வேண்டும்; உடம்பு வாங்கின டோஸ் 13.5 மில்லிசீவர்ட் என்று வருகிறது. இயற்கையாக ஒருவர் வாங்கும் கதிர்வீச்சின் உலக சராசரியே வருடத்துக்கு 2.4 தான். ஒரு கல்லைப் பார்க்க இவ்வளவு எதற்கு?

குளச்சல்_கடலோரம்:
மக்கா, இவ்வளவு பயம் வேண்டாம். நம்ம மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற தாது கிடக்கிறது, அதில் கதிர்வீச்சு விடும் தோரியம். தலைமுறையாக அந்தக் கரையில்தான் வாழ்கிறோம். கேரளத்துக் கருநாகப்பள்ளியில் இதே மாதிரி கரையில் இருப்பவர்களை வருடக்கணக்கில் கவனித்து, புற்றுநோய் கூடவில்லை என்று 2009-ல் ஆய்வே வந்தது. என் அம்மாவுக்குக் கல்லீரலில் இருந்த 8 மில்லிமீட்டர் கட்டி சி.டி.யில்தான் தெரிந்தது. டோஸைக் குறைத்து, மங்கின படத்தில் அதைத் தவறவிட்டிருந்தால்?

தக்கலை_தம்பி:
மணல் கொடுப்பது வருடம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக. சி.டி. சில நொடியில் கொட்டிவிடுகிறது. அந்த ஆய்வை இதற்குச் சாட்சியாக வைக்க முடியாது, அண்ணே.

மார்த்தாண்டம்_டெக்னீசியன்:
பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கல்லுக்கும் கல்லீரல் கட்டிக்கும் ஒரே செட்டிங் போடுவதுதான் தப்பு. கல் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், படம் பொரிபொரியாக வந்தாலும் தெரியும். 3 மில்லிசீவர்ட்டுக்குள் முடிக்கலாம். கட்டி அப்படியில்லை. அதற்கும் பக்கத்துச் சதைக்கும் நிற வித்தியாசம் மிகக் கொஞ்சம். டோஸைப் பாதியாக்கினால் நாய்ஸ், அதாவது அந்தப் பொரி, 40 சதவீதம் ஏறும், கட்டி அதில் கரைந்துவிடும்.

இன்னொன்று, மேசை உயரம். லேசர் கோடு விலாவின் நடுவில் விழ வேண்டும். எக்ஸ்ரே டியூப் மேலே இருந்து, ஸ்கேனுக்கு முன் ஆளின் அளவு பார்க்கும் முன்படம் எடுக்கும்போது மேசை ஏறியிருந்தால் ஆள் பெரிதாகத் தெரிவார்; மெஷின் குண்டான ஆள் என்று நினைத்துக் டியூபின் மின்னோட்டத்தைத் தானே கூட்டிவிடும். இறங்கியிருந்தால் குறைத்துவிடும், படம் கெடும். கூட்டமான நாளில் இதைத்தான் முதலில் விடுகிறார்கள். பார்த்தாலே வயிறு எரிகிறது.

குளச்சல்_கடலோரம்:
புது மெஷினில் மென்பொருளே நாய்ஸைத் துடைத்துவிடும் என்கிறார்களே. அப்புறம் என்ன கவலை?

நாகர்கோவில்_ரேடியாலஜி:
துடைக்கும். அளவு மீறினால் படம் மெழுகு பூசின மாதிரி வழுவழுப்பாகிவிடும். சின்னக் கட்டியும் அதோடு போகும். அதை மட்டும் நம்பி டோஸை வெட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

நான் முதலில் வெட்டச் சொல்வது சுற்றுகளை. அயோடின் மருந்து ஏற்றாமல் ஒன்று, ஏற்றி ஒன்று, தாமதித்து ஒன்று என்று மூன்று சுற்று எடுத்தால் டோஸும் ஏறக்குறைய மூன்று மடங்கு. சீட்டில் 'வயிறு சி.டி.' என்று மட்டும் எழுதி வந்தால் சென்டரில் மூன்றும் எடுத்துவிடுகிறார்கள். எதைத் தேடுகிறோம் என்று ஒரு வரி இருந்தால் பல பேருக்கு ஒரே சுற்று போதும். ஒல்லியானவர்களுக்கு டியூபின் மின்னழுத்தத்தை 120 கே.வி.க்குப் பதில் 100 வைத்தால் டோஸும் குறையும், அயோடின் மருந்தும் இன்னும் பளிச்சென்று தெரியும்.

தக்கலை_தம்பி:
அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள், டாக்டர்.

நாகர்கோவில்_ரேடியாலஜி:
முதலில் அல்ட்ராசவுண்ட் போதுமா என்று கேளுங்கள். சி.டி.தான் என்றால் 'கல்லுக்கு, குறைந்த டோஸ்' என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். பழைய படங்களையும் கொண்டு போங்கள்.

குளச்சல்_கடலோரம்:
என் அம்மாவுக்கு மட்டும் குறைக்க விடமாட்டேன்.

மார்த்தாண்டம்_டெக்னீசியன்:
நானும் குறைக்க மாட்டேன், அண்ணே. எத்தனை சுற்று எடுக்கப் போகிறார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மாவை உள்ளே அனுப்புங்கள்.